மூலை மண்ணும் முதல் படிவமும்

கேள்வி: நுண்ணுயிரியலில் பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு. ஒரு மானாவாரி நிலத்தில் கம்பு வேரைச் சுற்றியிருந்த மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தேன். விதையில் பூசி விதைத்தால், தண்ணீர் நிறுத்திய தொட்டியிலும் நாற்று சில நாள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறது. உடனே பேட்டன்ட் போடலாம் என்கிறார் கைடு. அடுத்த மாதம் கருத்தரங்கில் போஸ்டர் வைக்கிறோம். சுருக்கம் அனுப்பியாகிவிட்டது, இன்னும் அச்சாகவில்லை. கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையால் ஒரு மரபணுவை நீக்கினால் இன்னும் நன்றாக வேலை செய்யும் போலத் தெரிகிறது. 'ஜீன் எடிட்டிங்குக்கு இப்போது அனுமதி வேண்டாம், வயலிலேயே போட்டுப் பார்க்கலாம்' என்கிறார் லேப் சீனியர். வெளிநாட்டு லேப் ஒன்று அந்த பாக்டீரியா வகையை (ஸ்ட்ரெயினை) அனுப்பச் சொல்கிறது. மண் எடுக்க விட்ட பெரியவர், 'அந்த மூலை மண்ணை விதையோடு கலந்து விதைக்கிறது எங்கப்பா காலத்துப் பழக்கம்' என்றார். அவருக்கு ஏதாவது தர வேண்டுமா? எதிலிருந்து தொடங்குவது?
ஓர் ஆராய்ச்சி மாணவி

பதில்: பெரியவர் சொன்னதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதல் தடவை படித்தபோது நானும் தாண்டிப் போய்விட்டேன். இரண்டாம் முறைதான் கண்ணில் பட்டது. உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், தள்ளிப்போட முடியாத ஒன்று இருக்கிறது.

போஸ்டரை நிறுத்துங்கள். முழுதாக நிறுத்த முடியாவிட்டால், ஸ்ட்ரெயின் எது, எந்த அளவில் பூசினீர்கள், எத்தனை நாள் தாங்கியது என்பதையெல்லாம் எடுத்துவிட்டு வேறு சுருக்கம் அனுப்புங்கள். விண்ணப்பத் தேதிக்கு முன்னால் ஊருக்குச் சொன்ன விஷயம் புதியது ஆகாது, சொன்னது நீங்களே ஆனாலும் சரி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக்காக விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். காப்புரிமை அலுவலகத்தின் முதல் பரிசோதனை அறிக்கை வந்தது. ஆட்சேபமாக வைக்கப்பட்டிருந்தது அவர்களுடைய சொந்த போஸ்டர்! கருத்தரங்கப் புகைப்படம் ஒன்றைக் கல்லூரி இணையதளத்தில் போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் தோளுக்குப் பின்னால் அட்டவணை மூன்று, எண்கள் உட்பட, பளிச்சென்று தெரிந்தது. கற்றறிந்தோர் சங்கக் கூட்டத்தில் வாசித்த கட்டுரைக்கு 12 மாத அவகாசம் என்று நம் காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஒரு குறுகிய விலக்கு உண்டுதான். போஸ்டர் அதில் அடங்குமா என்றே வாதாட வேண்டியிருக்கும். ஐரோப்பாவில் விண்ணப்பிக்கப் போனால் அதுவும் கைகொடுக்காது. ஆய்வேட்டுக்கும் இதே எச்சரிக்கைதான்: ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறிய நாளே அது வெளியீடு. முழு மரபணுத் தொடரைப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுவதையும் கொஞ்சம் பொறுத்துச் செய்யுங்கள்.

சரி, கைடு சொல்லும் பேட்டன்டுக்கு வருவோம். மண்ணில் இருந்ததை இருந்தபடியே பிரித்தெடுத்து, 'இந்த பாக்டீரியா எங்களுடையது' என்று கேட்டால் இந்தியாவில் கிடைக்காது. இயற்கையில் உள்ள உயிருள்ள எதையும் கண்டறிவது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 3(சி). இதைச் சொன்னால் எல்லோரும் விஞ்ஞானி ஆனந்த சக்ரவர்த்தியின் பெயரை எடுப்பார்கள். எண்ணெயைச் சிதைக்கும் அவருடைய பாக்டீரியாவுக்குக் காப்புரிமை தரலாம் என்று 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அவர் அதை எங்கிருந்தும் பொறுக்கி எடுக்கவில்லை. பல பிளாஸ்மிடுகளை, அதாவது சிறு டி.என்.ஏ. வளையங்களை, ஒரே செல்லுக்குள் சேர்த்து, இயற்கையில் இல்லாத ஒன்றை உருவாக்கினார். உங்கள் குழாயில் இருப்பது அப்படியல்லவே.

அப்படியானால் எதற்குக் கேட்கலாம்? நீங்கள் அதைக் கொண்டு செய்த ஏதோ ஒன்றுக்கு. உதாரணமாக, அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும் ஒரு கலவை; அல்லது இன்னொரு நுண்ணுயிரோடு சேரும்போது மட்டும் கிடைக்கும் பலன். இரண்டாவது வழி என்றால் 3(இ) குறுக்கே வரும்: வெறுமனே கலந்தது போதாது, சேர்ந்தபோது தனித்தனிப் பலன்களின் கூட்டுத்தொகையைவிட அதிகம் கிடைத்தது என்று எண்ணில் காட்ட வேண்டும். அது தனியே, இது தனியே, இரண்டும் சேர்த்து என்று மூன்று தொட்டி வரிசை இல்லாமல் என்னிடம் வரும் மாணவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். 'விதையில் பூசி விதைக்கும் முறை' என்று கோருவதும் ஆபத்து; வேளாண்மை முறைகளுக்குக் காப்புரிமை இல்லை என்று 3(எச்) இருக்கிறது.

இப்போது பெரியவர் சொன்ன வரி.

பாரம்பரிய அறிவாகவே இருப்பதும், பாரம்பரியமாகத் தெரிந்த பொருளின் தெரிந்த குணத்தை அப்படியே எடுத்து வைப்பதும் கண்டுபிடிப்பு ஆகாது என்பது பிரிவு 3(பி), ஆங்கிலத்தில் 3(p). இந்தப் பிரிவைப் படிக்கும்போது எல்லோருக்கும் மஞ்சள் வழக்குதான் நினைவுக்கு வரும். மஞ்சளைக் காயத்துக்குப் போடுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை, இந்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல் சான்றுகளைக் காட்டி 1997-ல் ரத்து செய்ய வைத்தது. அங்கே காட்டுவதற்கு ஏடு இருந்தது. மூலை மண்ணுக்கு எந்த ஏடு இருக்கிறது? அதனால்தான் நம் சட்டத்தில் ஆட்சேபத்துக்கான காரணங்களைச் சொல்லும் 25-ஆம் பிரிவில், உள்ளூர்ச் சமூகத்திடம் 'வாய்மொழியாகவோ வேறு விதமாகவோ' உள்ள அறிவு முன்பே இருந்தது என்றாலும் போதும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வாய்மொழி என்ற ஒரு சொல் போதும், பெரியவர் சொன்னது உங்கள் விண்ணப்பத்துக்கு எதிரான சான்றாகிவிடும். இதே காரணத்தால் காப்புரிமை தந்த பிறகும் அதை ரத்து செய்ய 64-ஆம் பிரிவில் வழி உண்டு. உயிரியல் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்தாலும், தவறாகச் சொன்னாலும் அப்படியே.

'அப்படியென்றால் அந்த வரியை எங்கேயும் எழுதாமல் விட்டால் என்ன?' என்று உங்கள் லேபில் யாராவது கேட்பார்கள். கேட்டால் ஆச்சரியப்பட மாட்டேன், எனக்கே அந்த யோசனையைச் சொன்னவர்கள் உண்டு. எழுதுங்கள். விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பை விளக்கும் விவரக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே, இன்ன பகுதியில் விவசாயிகள் இன்ன மண்ணை விதையோடு கலக்கும் பழக்கம் உள்ளது என்று எழுதுங்கள். பெரியவர் கலந்தது மண்ணை. அதில் உங்கள் பாக்டீரியாவும் இருந்திருக்கலாம், கூடவே இன்னும் ஆயிரம் வகையும் இருந்திருக்கும். மண்ணைக் கலந்தால் கிடைக்காத எதை உங்கள் கலவை தருகிறது? கேள்வியே இதுதான்.

உங்கள் சோதனை வரிசையை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். பாக்டீரியா பூசிய விதை, பூசாத விதை, ஒருவேளை கடையில் வாங்கிய உயிர் உரம் பூசிய விதை. பெரியவர் செய்வது போலவே மூலை மண்ணைக் கலந்து விதைத்த தொட்டி அதில் இல்லை என்று நினைக்கிறேன். அதை வையுங்கள். எவ்வளவு மண், விதைப்பதற்கு எத்தனை நாள் முன்னால், ஈரமாகவா காய்ந்தா என்று அவரிடமே கேட்டு, அவர் சொன்ன அளவில் வையுங்கள். மூலை மண் தொட்டியும் உங்கள் தொட்டியும் ஒரே நாளில் வாடினால், நீங்கள் கண்டுபிடித்தது அவருடைய பழக்கம் ஏன் வேலை செய்கிறது என்பதற்கான விளக்கம். நல்ல ஆய்வுக் கட்டுரை, காப்புரிமை இல்லை. உங்கள் தொட்டி தெளிவாக முந்தினால், அந்த வித்தியாசம்தான் உங்கள் கண்டுபிடிப்பு. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான வழியும் கிடையாது, வலுவான விண்ணப்பமும் கிடையாது.

அந்த முடிவு வரும்வரை தேதியை விட்டுவிட வேண்டுமா என்றால், வேண்டாம். தற்காலிக விவரக் குறிப்போடு விண்ணப்பித்துவிட்டு, முழு விவரக் குறிப்பை 12 மாதத்துக்குள் கொடுக்கலாம். இணையவழியில் தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். ஆனால் அதற்கு முன்னால் ஸ்ட்ரெயினை, நுண்ணுயிர் ஒப்படைப்புக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கையின் கீழ் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பகம் ஒன்றில் ஒப்படைத்து எண் வாங்குங்கள். சண்டிகரில் எம்.டி.சி.சி. இருக்கிறது, புனேயிலும் ஒன்று உண்டு. ஒப்படைப்பு விண்ணப்பத் தேதிக்குப் பிந்தையதாக இருக்கக் கூடாது. அனுப்பிய மறுநாளே எண் வந்துவிடாது; உயிரோடு இருக்கிறதா என்று அவர்கள் வளர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் மைனஸ் எண்பது ஃப்ரீசரில் இருக்கும் கிளிசரால் ஸ்டாக் சட்டத்தின் கண்ணில் ஒப்படைப்பு அல்ல.

விண்ணப்பத்தின் படிவம் 1-ல் உறுதிமொழிகளுக்கு நடுவே ஒரு வரி வரும். இந்தியாவிலிருந்து பெற்ற உயிரியல் பொருளைப் பயன்படுத்தியிருக்கிறோம், உரிய அதிகாரியின் அனுமதியைக் காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் தாக்கல் செய்வோம் என்பது அதன் சாரம். பொருந்தாதவர்கள் அடித்துவிட வேண்டிய வரி. யாரோ அனுப்பிய பழைய படிவத்தை வைத்து நிரப்பும் பலர் யோசிக்காமல் அடித்துவிடுகிறார்கள். உங்களுக்கு அது பொருந்தும், அடிக்காதீர்கள். அந்த அனுமதிதான் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வேலை. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தை 2023-ல் திருத்தினார்கள்; திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. முன்பு எல்லோருக்கும் முன் ஒப்புதல் தேவைப்பட்டது. இப்போது இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் காப்புரிமை கிடைப்பதற்கு முன் ஆணையத்திடம் பதிவு செய்தால் போதும். ஒப்புதல் வாங்க வேண்டியது, அதை வணிகமாக்கும்போது. வெளிநாட்டவருக்கும் வெளிநாட்டவர் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கும் முன் ஒப்புதல் இன்னும் கட்டாயம். மீறினால் சிறை என்று இருந்ததையும் எடுத்துவிட்டு 1 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியிருக்கிறார்கள். இந்தத் தளர்வைப் பற்றி எனக்கு இரண்டு மனம். உங்களைப் போன்ற மாணவர்களுக்கு இது நிம்மதி. ஆனால் பெரியவரின் பங்கைப் பற்றிய பேச்சு, எல்லாம் முடிந்து சரக்கு கடைக்குப் போகும் நாளுக்குத் தள்ளிப்போய்விட்டது.

லேப் சீனியர் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதி உங்களுக்குப் பொருந்தாது. 2022 மார்ச் 30 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு தந்தது உண்மை. அது தாவரங்களுக்கு. அதிலும் அயல் டி.என்.ஏ. எதுவும் தங்காத எஸ்.டி.என்-1, எஸ்.டி.என்-2 வகைத் திருத்தங்களுக்கு மட்டும். 2025 மே மாதம் அறிவித்த இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்கள் வந்த வழி அதுதான். பாக்டீரியாவுக்கு அந்த வழி இல்லை. தீங்கு விளைவிக்கும் நுண்ணுயிரிகளுக்கும் மரபணு மாற்றிய உயிரிகளுக்குமான 1989-ஆம் ஆண்டு விதிகள்தான். 'நான் எதையும் சேர்க்கவில்லை, நீக்கத்தானே செய்கிறேன்' என்று வாதாட முடியாது. மரபணுப் பொறியியலுக்கு அந்த விதிகள் தரும் விளக்கத்திலேயே, மரபுப் பொருளின் பகுதியை நீக்குவதும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆக, முதலில் உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு. அப்புறம் உயிரித் தொழில்நுட்பத் துறையில் இயங்கும் ஆர்.சி.ஜி.எம். குழு. திறந்த வயல் என்றால் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஜி.இ.ஏ.சி. குழு. அந்தக் கடைசிக் கதவு லேசில் திறக்காது. பி.டி. கத்தரிக்காய்க்கு 2009-ல் அந்தக் குழு சரி சொன்ன பிறகும், 2010 பிப்ரவரியில் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். மரபணு மாற்றக் கடுகு வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். அப்போதும் தேசியக் கொள்கை ஒன்று வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள்.

நீக்கப்பட்ட மரபணு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது 1980-களின் 'ஐஸ் மைனஸ்' பாக்டீரியா. இலையில் உறைபனி பிடிக்க உதவும் ஒரு மரபணுவை நீக்கிய சூடோமோனாஸ். வெளியே விட அனுமதி வருவதற்கு முன்பே ஓர் அமெரிக்க நிறுவனம் அதைத் தன் கட்டடத்து மொட்டை மாடியில் இருந்த மரங்களுக்குள் ஊசியால் செலுத்திப் பார்த்தது. விஷயம் வெளியே வந்து அபராதம் கட்டியது. 1987-ல் முறைப்படி அனுமதி பெற்று கலிஃபோர்னியாவில் தெளித்தபோது, எதிர்ப்பாளர்கள் முந்தின இரவே செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். மொட்டை மாடி விவகாரம் மக்கள் மனத்தில் போட்ட சந்தேகத்தைப் பிறகு வந்த எந்த அனுமதிக் கடிதமும் துடைக்கவில்லை. உங்கள் சீனியரின் 'போட்டுப் பார்க்கலாம்' என்னைப் பயமுறுத்துவது இதனால்தான். திருத்திய ஸ்ட்ரெயினை மூடிய லேபுக்குள், குழுவின் அனுமதியோடு, மரபணு என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். வயலுக்கு இயற்கை ஸ்ட்ரெயினே போகட்டும்.

இயற்கையானது என்பதால் அதுவும் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. இதை நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்: அது என்ன சிற்றினம்? பயிரை வளர்க்கும் வேர்மண் பாக்டீரியாக்களில் சில, மனிதர்களுக்கு நோய் தருபவை. பர்கோல்டேரியா செபாசியா கூட்டத்தைச் சேர்ந்தவை வேருக்கு நண்பர்கள், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளியின் நுரையீரலுக்கு எமன். சூடோமோனாஸ் ஏருகினோசா தீக்காய வார்டுகளில் பிரபலம். பாக்டீரியாவை அடையாளம் காண எல்லோரும் பார்க்கும் 16-எஸ் மரபணுத் தொடரை மட்டும் வைத்துப் பேரினத்தைச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். நெருங்கிய சிற்றினங்களை அது பல நேரம் பிரித்துக் காட்டாது. 1989 விதிகளின் தலைப்பிலேயே 'தீங்கு விளைவிக்கும் நுண்ணுயிரிகள்' என்பதுதான் முன்னால் வருகிறது, மரபணு மாற்றம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. பெரியவர் கையுறை போட்டுக்கொண்டு விதைக்கப் போவதில்லை.

வெளிநாட்டு லேபுக்குக் குழாயை அனுப்பாதீர்கள். தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் அனுப்ப முடியாது. அரசு அங்கீகரித்த கூட்டுத் திட்டமாக இருந்தால் தனி விதி. நன்றி சொல்லி, ஆணையத்தின் நடைமுறையைக் குறிப்பிட்டுப் பதில் போடுங்கள். உண்மையான கூட்டாளி காத்திருப்பார்.

யார் பெயரில் என்பதையும் கேட்டுவிடுங்கள். விண்ணப்பதாரர் உங்கள் நிறுவனமாக இருக்கலாம், அது அவர்களுடைய கொள்கையைப் பொறுத்தது. கண்டுபிடிப்பாளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், அது யாரும் தயவில் தருவதல்ல. உரிமை மாற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள், நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவருக்கு என்ன தருவது? மண்ணை எடுக்க விட்டதாலும் பழக்கத்தைச் சொன்னதாலும் மட்டும் அவர் சட்டப்படி கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார். ஆனால் பலன் பகிர்வில் உரிமை கோரக்கூடியவர். கேரளத்தின் காணி மக்கள் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் குணத்தை ஆய்வாளர்களுக்குக் காட்டினார்கள். அதிலிருந்து 'ஜீவனி' மருந்து பிறந்தபோது உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதியை அவர்களுக்குத் தருவது என்று முடிவானது. பணத்தை வாங்க அவர்களிடம் ஓர் அமைப்பு வேண்டுமே. 1997-ல் அறக்கட்டளை ஒன்று பதிவானது. இத்தனைக்கும் பல்லுயிர்ச் சட்டம் அப்போது வந்திருக்கவில்லை. உங்கள் விஷயத்தில் இன்னும் பணமே இல்லை, எனவே தொகையைப் பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள். நேரில் போய், அவர் மண்ணிலிருந்து என்ன எடுத்தீர்கள், அதை வைத்து என்ன செய்ய நினைக்கிறீர்கள், விற்பனைக்கு வந்தால் ஆணையம் வழியாக என்ன நடக்கும் என்பதை அவருக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். சொன்னதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். 'எனக்கு எந்த உரிமையும் வேண்டாம்' என்று எழுதி வாங்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உள்ளாட்சி அளவில் இருக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் பேசி, அந்த விதைப்புப் பழக்கத்தை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்ற முடியுமா என்றும் கேளுங்கள். அது அவர் விருப்பம், அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

போகும்போது ஆய்வுக் குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மண் எடுத்த நாள், இடம், ஆழம், கூட இருந்தவர்கள் எல்லாம் அதில் இருக்கிறதா என்று பார்த்து, விட்டுப்போனதை இன்றைய தேதியிட்டே எழுதுங்கள், முன்தேதி போட வேண்டாம். திரும்பி வரும்போது தொட்டிகளுக்குப் போதுமான மூலை மண்ணை அவரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். அந்தத் தொட்டியின் எண்கள் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் கோரிக்கைப் பகுதியை எப்படி எழுதுவது என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம்.